கேமராவுக்குள் சாமை

கேமராவின் வாயிலிருந்து சாமை கொட்டியது.

ஒன்றிரண்டு தானிய மணிகள் என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். அப்பா அதைத் தானிய டிரம்முக்குள்ளிருந்து எடுத்துத் தலைகீழாகப் பிடித்ததும், ஒரு கைப்பிடி சாமை சரசரவென்று சிமெண்டுத் தரையில் விழுந்து நாலாபக்கமும் ஓடியது. வாங்கி நாலே நாள் ஆன என் கேமரா. அதில் லென்ஸ் இல்லை. லென்ஸைத் தனியாகக் கழற்றி, கழுவின டம்ளரைக் கவிழ்ப்பது போல ஒரு எவர்சில்வர் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தார்.

“பாத்தியா கண்ணு, இப்ப ஒரு பொட்டு ஈரம் இருக்காது” என்று சொல்லிவிட்டு அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் பாராட்டுவேன் என்று காத்திருந்தார்.

கண் முன்னால் நடப்பதை மூளை நம்ப மறுத்தது. கேமராவுக்குள் சாமை. சாமைக்குள் கேமரா. இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இதற்கு முன் யாராவது சொல்லியிருப்பார்களா என்றே தெரியவில்லை.

நான் சசிகலா. சேலத்தில் ஒரு கல்லூரியில் புகைப்படக்கலை இரண்டாம் ஆண்டு. வகுப்பில் நாற்பது பேர், கல்லூரிக்குச் சொந்தமான கேமரா ஆறு. வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டு வாங்கினால், மாலை நாலு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தப் பருவத்துக்கு அவரவர் ஊரைப் பற்றிப் பன்னிரண்டு படம் தர வேண்டும், செல்போனில் எடுத்தது செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். நான் எடுக்க வேண்டியதெல்லாம் ஏற்காட்டுக்கு மேலே செம்மநத்தத்தில் இருக்கிறது. கேமரா மலைக்குக் கீழே பூட்டின பீரோவில் இருக்கிறது. படம் தராவிட்டால் அந்தத் தாளில் தேறவே முடியாது. அதனால்தான் இரண்டு வருடம் லீவு நாளெல்லாம் எஸ்டேட்டில் காபிப் பழம் பறித்த கூலியையும் உதவித்தொகையையும் சேர்த்து, பழைய கேமரா ஒன்று வாங்கத் துணிந்தேன்.

விற்றவர் பாலகுமார் அண்ணன். ஏற்காடு ஏரிச் சாலையில் ஸ்டூடியோ வைத்திருக்கிறார். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் பாதி அவர் எடுத்ததுதான். தெரிந்த மனிதர், நல்லதாகத்தான் கொடுப்பார் என்று அப்பாவும் நானும் போனோம். “மழைன்னா வெளியவே எடுக்க மாட்டன் கண்ணு. ஒரு சொட்டுத் தண்ணி பட உட்டதில்ல. பூ மாதிரி வச்சிருந்தேன்” என்றார்.

நான் ஒன்றும் ஏமாளி இல்லை. சந்தையில் மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்க்கிற மாதிரி எல்லாம் பார்த்தேன். அது இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கணக்கு எடுத்தேன். லென்ஸை வெளிச்சத்தில் பிடித்துப் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்தேன். வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் புள்ளி விழுகிறதா என்று பெரிதாக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. பட்டனை அழுத்தினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும், அதைக் கேட்கவே திரும்பத் திரும்ப அழுத்தினேன்.

பில்லுக்குப் பின்னால் பாலகுமார் அண்ணனே எழுதிக் கொடுத்தார். ஏழு நாளுக்குள் எந்தக் கோளாறு வந்தாலும் கேமராவை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தருவார். தண்ணீர் பட்டாலோ நாங்களாக நோண்டினாலோ அவர் பொறுப்பில்லை. அப்பா அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அன்று சனிக்கிழமை. அன்று மாலையே பிடித்தது மழை. மழையும் மூடுபனியுமாக, திங்களும் செவ்வாயும் கலெக்டரே லீவு விட்டார். எனக்குக் கொண்டாட்டம். காபிச் செடிக்குள் நுழைந்து நுழைந்து எடுத்தேன். ஒன்றிரண்டு முறை அந்த ‘டக்’ கொஞ்சம் இழுத்தாற்போல் வந்தது. குளிருக்கு என்று நினைத்துக்கொண்டேன். செவ்வாய் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால், கண் வைத்துப் பார்க்கிற கண்ணாடியில் ஆவி படிந்திருந்தது. துப்பட்டாவால் துடைத்தேன், போகவில்லை. “சே, ஈரம் போவ மாட்டேங்குதே” என்று முணுமுணுத்தேன்.

“வெளியில தொடச்சா எப்படிப் போவும்? உள்ளாரதான் ஈரம் கண்ணு” என்றார் அப்பா.

“அதெல்லாம் தானாப் போயிருமுங்கப்பா” என்று சொல்லிவிட்டு நான் படுக்கப் போய்விட்டேன். அந்த ஒரு வாக்கியத்தோடு நான் நிறுத்திக்கொண்டதுதான் வினையாகிவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் அப்பாவின் போன் ஓடையில் விழுந்தது. ஏற்காட்டில் செல்போன் கடைக்காரர் அதை ஒரு டப்பா அரிசிக்குள் போட்டு வைத்து மறுநாள் உயிரோடு கொடுத்தார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் நனைந்த எதற்கும் அரிசிதான் வைத்தியர். ஆனால் எங்கள் வீட்டு அரிசி ரேஷன் அரிசி, மூட்டையைத் திறந்தால் வண்டு ஓடும். மகளுடைய சாமானை வண்டு அரிசியில் போட அப்பாவுக்கு மனம் வரவில்லை. அறுத்து, அடித்து, நாலு வெயில் காயவைத்து டிரம் நிறையப் புதுச் சாமை இருந்தது. வீட்டில் இருப்பதிலேயே சுத்தமானது அதுதான், காய்ந்ததும் அதுதான். ஈரம் உள்ளே இருக்கிறது, ஆகவே மூடியிருந்தால் இழுக்காது என்று லென்ஸையும் நான் கழற்றுவதைப் பார்த்து வைத்திருந்த மாதிரியே திருகிக் கழற்றியிருக்கிறார். துணியில் சுற்றினாலும் இழுக்காது என்று அப்படியே உள்ளே ஆழமாகப் புதைத்திருக்கிறார்.

இதையெல்லாம் அவர் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தபோதே நான் கேமராவைப் பிடுங்கி ஊதினேன், உதறினேன், ஊதினேன். சாமை தண்ணீர் மாதிரி. ஓட ஒரு இடுக்கு இருந்தால் போதும், போய்விடும். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவிட்சைப் போட்டுப் பட்டனை அழுத்தினேன். ‘டக்’ வரவில்லை. ‘கிர்ர்ர்’ என்று எதுவோ அரைபட்டது. உள்ளே இருக்கும் கண்ணாடி பாதி எழும்பி நின்றுவிட்டது. திரையில் கோளாறு என்று எழுத்து வந்தது.

அதன்பிறகு நான் பேசியதை இப்போது எழுதக் கூசுகிறது.

“யாரு உன்னைத் தொடச் சொன்னா? உனக்கு என்ன தெரியும்னு இதைத் தொட்ட? ரெண்டு வருசம் பழம் பறிச்ச காசு அது! என் படிப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே! இனிமே என் சாமான் எதையும் தொடாத!”

அப்பாவிடம் ‘ங்க’ போடாமல் பேசியது என் வாழ்நாளில் அதுதான் முதல்முறை. அடுப்படியிலிருந்து அம்மா ஓடி வந்து, “ஏண்டி, அப்பங்கிட்டப் பேசற பேச்சாடி இது?” என்று கையை ஓங்கினாள். அப்பா அவளை ஒரு கையால் தடுத்தார். பிறகு குந்த உட்கார்ந்து, தரையில் சிதறிக் கிடந்த சாமையை உள்ளங்கையால் ஒதுக்கி ஒதுக்கிக் கூட்ட ஆரம்பித்தார். சிந்தின தானியத்தை மிதித்துவிட்டுப் போக எங்கள் வீட்டில் யாருக்கும் கால் வராது. கோபத்தில் நிற்கும் என் காலடியில் கிடந்ததையும் “கொஞ்சம் நகரு சாமி” என்று சொல்லிப் பொறுக்கினார்.

நான் சொன்னதை அப்பா அப்படியே எடுத்துக்கொண்டார். அன்று மதியம் என் குடை காற்றில் உருண்டு வாசலில் விழுந்தது. மழையில் நின்றபடி, “வெள்ளையம்மா, பாப்பா கொடை உழுந்து கெடக்குது பாரு” என்று அம்மாவைக் கூப்பிட்டாரே தவிர, குனிந்து எடுக்கவில்லை. நிலைப்படியில் கிடந்த என் செருப்பைச் சுற்றிக்கொண்டு போனார். கொடியில் அவர் வேட்டி மேல் கிடந்த என் துப்பட்டாவை ஒதுக்காமல் வேட்டியை மட்டும் மெதுவாக உருவினார். குத்திக்காட்டுவதற்காகச் செய்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். அவர் குத்திக்காட்டவில்லை. தொடாதே என்று சொன்னேன், அவர் தொடவில்லை, அவ்வளவுதான். எனக்கோ கோபம் ஆறவில்லை, மன்னிப்புக் கேட்கத் தோன்றவும் இல்லை.

அந்த வாரம் நான் கல்லூரிக்கே போகவில்லை. வகுப்புத்தோழி சிவரஞ்சனிக்குப் போன் போட்டு அழுதேன். அவள் சாமை என்றதும் முதலில் வயிறு வலிக்கச் சிரித்தாள். அப்புறம், “இன்னும் ஏழு நாள் ஆகலை இல்ல? சாமைன்னு வாயையே தொறக்காத. சுத்தமா எடுத்துரு. தானா நின்னுருச்சுன்னு சொல்லி பணத்தை வாங்கிரு” என்றாள். எனக்கும் அதைவிட வேறு வழி தெரியவில்லை. பெயிண்ட் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்கத் தட்டினேன், தடவினேன், உதறினேன். கடைசியில் வெள்ளை வேட்டியை விரித்து அதன்மேல் கால் மணி நேரம் குலுக்கினேன். ஒரு மணிகூட விழவில்லை.

வெள்ளிக்கிழமை, ஆறாம் நாள், கிளம்பினேன். “நீங்க வர வேண்டாம்பா” என்றேன். “பணம் குடுக்கும்போது நானும்தான இருந்தேன் சாமி” என்று சொல்லிவிட்டு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டார். பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தார்.

பாலகுமார் அண்ணன் நன்றாகத்தான் பேசினார். என்ன கண்ணு, என்ன ஆச்சு என்றார்.

“தானா நின்னுருச்சுங்கண்ணா. நான் ஒன்னும் பண்ணலீங்க” என்றேன். குரல் எனக்கே பொய்யாகக் கேட்டது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அண்ணன் லென்ஸைக் கழற்றினார். மேசை டிராயரிலிருந்து ரப்பர் ஊதுகுழல் ஒன்றை எடுத்து, உள்ளே இரண்டு முறை ‘புஸ் புஸ்’ என்று அடித்தார். கண்ணாடி மேசையில் ‘டிக்’ என்று ஒன்று விழுந்து, உருண்டு, அவர் விரலில் முட்டி நின்றது.

ஒரு மணி. ஒரே ஒரு மணி. எங்கே ஒளிந்திருந்ததோ பாவி.

அவர் அதை விரல் நுனியில் ஒட்டி எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, கண்ணை விரித்தார். “இது சாமையில்ல? கேமராவுக்குள்ள ஏனுங்க சாமை?” பிறகு சிரிப்பு வெடித்தது. “மாப்ள! டேய் தினேஷு! ஓடியா, ஓடியா! இங்க கேமராவுக்குள்ள வெள்ளாமை பண்ணிக் கொண்டாந்திருக்காங்க!”

தினேஷ் அவர் மச்சினன், பக்கத்திலேயே பிரியாணிக் கடை. கையில் கரண்டியோடு ஓடி வந்தான். அவன் பின்னால் சாப்பிட வந்த வெளியூர்க்காரர்கள் இரண்டு பேர். “எத்தனை மூட்டைங்க கண்டுச்சு?” என்று அவன் அப்பாவைக் கேட்டான். கடையே சிரித்தது. என் முகம் எரிந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அவமானம் ஒரு பக்கம், அப்பாவை நடுவில் நிறுத்திச் சிரிக்கிறார்களே என்பது இன்னொரு பக்கம்.

அப்பா கையெடுத்துக் கும்பிட்டார். “புள்ளை மேல தப்பில்லீங்க. நாந்தானுங்க போட்டேன். ஈரம் காயட்டும்னு போட்டனுங்க. எனக்குத் தெரியலீங்க.”

பாலகுமார் அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேமராவை என் பக்கம் தள்ளினார். “நான் அன்னைக்கே சொன்னனுங்களா இல்லீங்களா? நோண்டினா நான் பொறுப்பில்லைங்க. நல்லா ஓடுன பொருளு, இப்படிப் பண்ணீட்டீங்களே. நொம்ப சங்கடமா இருக்குதுங்க.” அதோடு முடிந்தது. மேசையில் கிடந்த அந்தச் சாமை மணியை அப்பா விரலால் ஒற்றி எடுத்து, துண்டுக் காகிதத்தில் மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். அதற்கும் பின்னால் ஒரு சிரிப்பு எழுந்தது.

ஏரியைப் பார்த்தபடி நின்றோம். “இன்னைக்கே சேலம் போயி ரிப்பேருக்குக் காட்டீரலாம்” என்று அப்பா ஏரியிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கும் வரை அப்பா மறுபடி பின் சீட்டிலேயே உட்கார்ந்து வந்தார்.

கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் கேமராவைக் கொண்டுபோவது சாந்தாமேரியிடம்தான். சேலத்தில் ஒரு சந்துக்குள், மாடியில், ஒரு மேசையும் விளக்கும் மட்டும் கொண்ட கடை. ஐம்பது வயது இருக்கும். நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டியிருந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டதும் நான் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே சொல்லிவிட்டார். “சாமையில போட்டுட்டனுங்க.”

அந்தம்மா சிரிக்கவில்லை. “மணலோட கொண்டாந்திருக்காங்க, கல்யாணத்துல சந்தனத்தோட கொண்டாந்திருக்காங்க. சாமை இப்பத்தான் பாக்கறேன்” என்று சொல்லி விளக்கை இழுத்துக்கொண்டார். சிறு இடுக்கியால் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்தார். மொத்தம் ஏழு சாமை மணி. அப்பா உள்ளங்கையை நீட்ட, அதிலேயே போட்டார்.

“அவ்வளவுதான். ஒரு கீறல் இல்ல. சாமையால இதுக்கு ஒன்னும் ஆகல” என்று சுவிட்சைப் போட்டு அழுத்தினார். ‘கிர்ர்ர்.’ அதே சத்தம். புருவத்தைச் சுருக்கினார். “அப்ப இது வேற வியாதி. தொறந்து பாக்கட்டுமா?”

கேமராவைத் திருப்பி முதல் திருகாணியில் கையை வைத்தவர் நிறுத்தினார். “இதை யாரு முன்னாடியே தொறந்தது?”

“நாங்க தொறக்கலீங்க” என்றோம் இருவரும்.

“தொறந்திருக்காங்க. திருகாணித் தலையெல்லாம் தேஞ்சு போயிருக்குது பாரு.” ஒவ்வொன்றாகக் கழற்றி அடிமூடியைத் தூக்கினார். பிறகு விளக்கை எங்கள் பக்கம் சாய்த்தார்.

உள்ளே பச்சை பிடித்திருந்தது. செப்புக் குடத்தில் ஏறுகிற களிம்பு, அதே பச்சை. கம்பிகளின் மேல், சின்னச் சின்ன பற்சக்கரங்களின் ஓரத்தில், எங்கும். அந்தப் பச்சைக்கு நடுவில் நீளமாக, துருப்பிடித்த நிறத்தில் ஒன்று செருகிக்கொண்டிருந்தது. சாந்தாமேரி அதை இடுக்கியால் பிடித்து இழுத்து ஒரு வெள்ளைக் காகிதத்தில் வைத்தார்.

அரிசி.

நான் திகைத்துப் போனேன். அந்த நேரத்திலும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? “அரிசியிலயும் போட்டீங்களாப்பா?” என்று கேட்டேன். அப்பா குனிந்து, அந்த அரிசியை முகத்தருகே வைத்துப் பார்த்தார். நெல்லும் சாமையும் ராகியும் பார்த்த கண்.

“இது நம்மூட்டு அரிசி இல்ல கண்ணு” என்றார் மெதுவாக. “ரேசன் அரிசி குட்டையா மொத்தமா இருக்கும். இம்மாம் நீளத்துல நம்மூட்டுக்கு அரிசி வந்ததே இல்ல.”

“பாஸ்மதி. பிரியாணிக்குப் போடறது” என்றார் சாந்தாமேரி. “இங்க பாரு பாப்பா. இந்தப் பச்சை இவ்வளவு ஏற மாசக் கணக்காகும். ஒரு ராத்திரி சாமையில இருந்தா வராது. இது முழுசாத் தண்ணியில முங்கி எழுந்திருக்குது. எவனோ கழட்டி அரிசிக்குள்ள போட்டுக் காய வச்சு, கொஞ்சம் ஓடுனதும் மறுபடி மூடித் தலையில கட்டீருக்கான். உங்கப்பா எதுவும் பண்ணாம இருந்திருந்தாலும் இன்னைக்கோ நாளைக்கோ நின்னிருக்கும். உள்ளார இருந்த ஈரம் அப்படி.”

உள்ளாரதான் ஈரம் கண்ணு. செவ்வாய்க்கிழமையே அப்பா சொன்ன வார்த்தை. நான் புகைப்படக்கலை படிக்கிறவள், எல்லாச் சோதனையும் செய்து வாங்கியவள். அவர் ஒரு பார்வை பார்த்துச் சொன்னதை நான் காதில் வாங்கவில்லை. நான் கத்தினதெல்லாம் ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்து என்னை அறைந்தது. அப்பாவை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அப்பா காசு எவ்வளவு என்று கேட்டார். “பாத்ததுக்கு என்ன காசு? இதை வித்தவன் மூஞ்சி எப்படிப் போச்சுன்னு வந்து சொல்லுங்க, போதும்” என்றார் சாந்தாமேரி. மூடியை மாட்டி, அரிசியைத் தனிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். களிம்பை என் போனில் படம் எடுத்துக்கொண்டேன்.

மறுபடி மலை ஏறினோம். ஸ்டூடியோவுக்குப் போனபோது சாயங்காலம் ஐந்து மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. பாலகுமார் அண்ணன் எங்களைப் பார்த்ததுமே, “என்னங்க, மறுபடியுமா? காலையிலயே சொல்லீட்டனுங்களே” என்றார்.

நான் கத்தத்தான் போனேன். அப்பா முந்திக்கொண்டார். சட்டைப்பையிலிருந்து இரண்டு காகிதங்களை எடுத்தார். இரண்டையும் பிரித்து, இடது உள்ளங்கையில் சாமையையும் வலது உள்ளங்கையில் அரிசியையும் வைத்து மேசைமேல் நீட்டினார்.

“இது நாங்க போட்டதுங்க” என்று இடது கையைக் காட்டினார். பிறகு வலது கையைக் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். “இதை யாருங்க போட்டாங்க?”

பாலகுமார் அண்ணனின் சிரிப்பு வாயிலேயே நின்றுவிட்டது. “அது... அதையும் நீங்கதான போட்டிருப்பீங்க. சாமையில போட்டவங்க அரிசியில போட மாட்டீங்களாக்கும்” என்றார். கண் மட்டும் வலது கையை விட்டு நகரவில்லை.

அதற்குள் தினேஷ் வந்துவிட்டான். காலையில் பார்த்த வேடிக்கை இன்னும் தீரவில்லை அவனுக்கு. “என்ன மாமா, சாயங்காலம் என்ன வெள்ளாமை?” என்று கேட்டுக்கொண்டே அப்பாவின் கையை எட்டிப் பார்த்தான். அரிசி என்றதும் தொழில்காரன் புத்தி வேலை செய்தது. எடுத்து, உருட்டி, நீளம் பார்த்தான்.

“நம்ம கடை அரிசியாட்டம் இருக்குதே... அட, ஆமா மாமா! ஆடி மாசம் படகுல நின்னு போட்டோ எடுக்கறன்னு கேமராவோட ஏரியில உழுந்தீங்களே, அன்னைக்கு ரெண்டு கிலோ அள்ளிக்கிட்டுப் போனீங்கல்ல? அந்த அரிசிதான் இது! அக்கா அதையத் திருப்பிக் கடைக்கே குடுக்கப் பாத்துச்சு. கேமரா ஊறின அரிசியில பிரியாணி போட மாட்டன்னு நான் கோழிக்குக் கொட்டச் சொன்னேன்.” சொல்லிவிட்டுச் சிரித்தான். யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். கடைசியில் மாமாவின் முகத்தைப் பார்த்தான். கையில் இருந்த அரிசியை மேசைமேல் மெல்ல வைத்துவிட்டு, “அடுப்புல கறி கெடக்குது” என்று போய்விட்டான்.

மனிதன் முகத்தில் ரத்தம் வற்றுவதை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் எத்தனை வீட்டுச் சுவரில் இவர் எடுத்த கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. எங்கள் வீட்டில்கூட ஒன்று இருக்கிறது. காலையில் அப்பா இவர் முன்னால் கும்பிட்டு நின்றபோது, இவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்துகொண்டேதான் ஆள் கூட்டிச் சிரித்திருக்கிறார். “ஒரு சொட்டுத் தண்ணி பட உட்டதில்லைன்னீங்களேண்ணா” என்றேன்.

அவர் டிராயரைத் திறந்தார். பணத்தை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் வைத்தார். “மாதப்பண்ணா... ஓடுச்சுங்க, நல்லாத்தான் ஓடுச்சு. அதான் குடுத்தேன்” என்று என் அப்பாவைப் பெயர் சொல்லி ஏதோ இழுத்தார். அப்பா கேமராவை மேசைமேல் வைக்கச் சொல்லி எனக்குக் கண் காட்டினார். உள்ளே இருந்த என் மெமரி கார்டை மட்டும் எடுத்துக்கொண்டு வைத்தேன். சாமை மணியை மறுபடி காகிதத்தில் மடித்து அப்பா பையில் போட்டுக்கொண்டார். அரிசியை அங்கேயே விட்டார்.

“அது உங்களுதுங்க” என்றார்.

பஸ் ஸ்டாண்டில் செம்மநத்தம் வண்டி நின்றிருந்தது. மழை வலுத்துவிட்டது. ஒரு கையில் குடை, ஒரு கையில் பை, படியேற முடியவில்லை. அப்பா எனக்குப் பின்னால் நனைந்துகொண்டு நின்றார். பையைத் திரும்பி அவரிடம் நீட்டினேன்.

“கொஞ்சம் புடிங்கப்பா.”

அவர் கை எழும்பி, பாதியில் நின்றுவிட்டது. “அது உன்ற சாமானாச்சே கண்ணு” என்றார். குரலில் கோபமே இல்லை. நான் மறந்துவிட்டேனோ என்று எனக்கு ஞாபகப்படுத்துகிற மாதிரி சொன்னார்.

இந்த ஆறு நாளில் பட்ட அதிர்ச்சி எல்லாவற்றையும் அந்த ஒரு வார்த்தை தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. படியில் நின்றபடியே அழுதேன். பின்னால் ஏற நின்றவர்கள் பார்த்தார்கள். பார்க்கட்டும். “நான் பேசினது தப்புங்கப்பா. புடிங்க. என் சாமான் எதை வேணும்னாலும் தொடுங்க. எல்லாத்தையும் சாமையில வேணும்னாலும் போடுங்க” என்றேன்.

“அதுக்கு டிரம்மு பத்தாது” என்றார் அப்பா.

ஈரக் கையை வேட்டியில் துடைத்தார். மறுபடி ஒருமுறை துடைத்தார். பிறகுதான் பையை வாங்கினார். சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டை அவிழ்த்து அதைச் சுற்றி மூடி, மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே கேமரா இல்லை, பணமும் ஒரு கார்டும்தான். ஊர் வந்து சேரும் வரை ஒரு சொட்டு மழை அதன்மேல் பட அவர் விடவில்லை.